நீலக்கதிர் வட்டின் வரலாறு

தான் கண்டதும் கேட்டதும் தன்னோடு மறைந்துபோகாது பின்வருவோர்க்கும் பயன்படவேண்டும் என்னும் அவா மனிதனுடன் கூடப்பிறந்தது. அதனாலேயே அவன் கல்லிற் பொறித்தான், ஓலையில் எழுதினான், கடதாசியில் அச்சிட்டான். குரலையும் இசையையும் மெழுகுருளையிலும் இசைத்தட்டிலும் பதித்தான். அசையும் உருவத்தைப் படச்சுருளிற் பிடித்தான். இவ்வரிசையிலே, வீட்டிலிருந்தவாறே திரைப்படங்களைத் தெளிவுறக் காண்பதற்கென இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததுதான் 'புளூ-ரே' என்னும் நீலக்கதிர் வட்டு.

கைக்குள் அடங்கும் 12 சென்ரிமீற்றர் வட்டொன்றுக்குப் பெரிய வரலாறு என்ன இருக்கப்போகின்றது எனச் சிலர் எண்ணலாம். அதனுள்ளே மூன்று கதைகள் அடங்கியுள்ளன. ஒன்று, முடியாதென்று பலர் கைவிட்ட ஒளியொன்றை மூவர் தேடிக் கண்டடைந்த கதை. மற்றொன்று, பெருங் கம்பனிகள் இரு அணியாகப் பிரிந்து பொருத கதை. மூன்றாவது, வென்றவர்க்கும் வெற்றி முழுமையாகக் கிட்டாத கதை. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால், கூடிச் செய்யவேண்டிய காரியத்தைப் பிரிந்து நின்று செய்வதால் வரும் இழப்பு எத்தகையது என்பது நமக்கு விளங்கும்.

ஊசி நீங்கி ஒளி வந்தது

இசைத்தட்டிலே ஓர் ஊசி தட்டின் வரைகளைத் தடவிச் சென்று ஒலியை எழுப்பும். தடவுந்தோறும் தட்டுந் தேயும், ஊசியுந் தேயும். ஆகவே தொடாமலே படிப்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியைத் திறந்தது லேசர் ஒளி. 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே தியடோர் மைமன் என்பவர் மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதலாவது லேசர் ஒளியைப் பெற்றார். விளக்கொளி நாற்புறமும் சிதறிச் செல்வது. லேசர் ஒளியோ ஒரே நிறமும் ஒரே ஒழுங்கும் உடையதாய், வில்லையினால் மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கத்தக்கது. வட்டின்மேல் நுண்ணிய குழிகளைச் சுருள் வரிசையாக அமைத்து, அவற்றின்மேல் இப்புள்ளியை ஓடவிட்டால், குழியுள்ள இடத்திலிருந்தும் இல்லாத இடத்திலிருந்தும் திரும்பிவரும் ஒளி வேறுபடும். அவ்வேறுபாடே எழுத்தாகின்றது. எத்தனை முறை படித்தாலும் ஒளி வட்டைத் தேய்ப்பதில்லை.

இம்முறையில் வீட்டுப் படக்காட்சிக்கு வந்த முதல் வட்டு, 1978 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் அத்லாந்தா நகரில் விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் லேசர் டிஸ்க் எனப் பெயர்பெற்ற அது 30 சென்ரிமீற்றர் அகலமானது; பெரிய தட்டமொன்றைப் போன்றது. 1982 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1 ஆம் திகதி யப்பானிலே இசைக்கான சிறிய இறுவட்டை இயக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. அவ்விறுவட்டைச் சோனி கம்பனியும் ஒல்லாந்தின் பிலிப்ஸ் கம்பனியும் கூடி வகுத்தன. திரைப்படத்துக்கான டி.வி.டி. வட்டு 1996 ஆம் ஆண்டு நவம்பரில் யப்பானில் வெளிவந்தது.

இங்கே இரண்டு முன்நிகழ்ச்சிகளை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். 1975 ஆம் ஆண்டிற் சோனி 'பீற்றாமக்ஸ்' என்னும் ஒளிப்பதிவு நாடாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலே ஜே.வி.சி. கம்பனி 'வி.எச்.எஸ்.' நாடாவை வெளியிட்டது. ஒன்றின் நாடா மற்றதன் கருவியில் ஓடாது. பீற்றாமக்ஸ் தொடக்கத்தில் ஒரு மணித்தியாலமே பதியும், வி.எச்.எஸ். இரண்டு மணித்தியாலம் பதியும். பல கம்பனிகள் வி.எச்.எஸ். பக்கம் சேர்ந்தன. 1988 ஆம் ஆண்டிற் சோனி தானே வி.எச்.எஸ். கருவிகளைச் செய்யத் தொடங்கியதோடு அவ்வழக்குத் தீர்ந்தது. அதற்கிடையில் தோற்ற நாடாவை வாங்கியிருந்த குடும்பங்கள் பலவாயின.

மற்றைய நிகழ்ச்சி 1995 ஆம் ஆண்டிலே நடந்தது. டி.வி.டி. பிறப்பதற்கு முன்பும் இரு அணிகள் எழுந்தன: சோனியும் பிலிப்சும் ஒருபுறம், தோஷிபாவும் ரைம் வோர்ணரும் அவற்றைச் சேர்ந்தோரும் மறுபுறம். அப்பொழுது ஐ.பி.எம். முதலிய கணினிக் கம்பனிகள் ஒன்றுகூடி, இரண்டு வட்டுகளை ஏற்கமாட்டோம் என்று உறுதியாக நின்றன. இரு திறத்தாரும் இறங்கிவந்து ஒரே வட்டை ஒப்புக்கொண்டனர். அதன் பயனை உலகம் கண்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே டி.வி.டி. நாடாவைப் பின்தள்ளி வீடுதோறும் புகுந்தது. பிரிந்தபோது வந்த கேட்டையும் கூடியபோது வந்த நன்மையையும் இக்கம்பனிகள் இவ்வாறு தம் கண்ணாலேயே கண்டிருந்தன.

நீல ஒளியைத் தேடிய மூவர்

தொலைக்காட்சித் திரைகள் பெரிதாகவும் தெளிவாகவும் வளர்ந்தன. டி.வி.டி. வட்டின் ஒரு படச்சட்டத்தில், அமெரிக்க யப்பானிய முறைப்படி, அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 480 புள்ளிகளும் உள்ளன. உயர்தெளிவுத் தொலைக்காட்சியிலோ 1920 புள்ளிகளும் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் முன்னது ஏறத்தாழ மூன்றரை இலட்சம். பின்னது இருபது இலட்சத்துக்கு மேல். யப்பானில் 2000 டிசம்பரிலே செய்மதி வழியாக எண்முறை உயர்தெளிவு ஒளிபரப்புத் தொடங்கியது. ஆறு மடங்கு புள்ளிகளைத் தாங்குதற்குப் பழைய வட்டில் இடம் போதாது.

வட்டிற் கூடுதலாக எழுதவேண்டுமாயின் எழுத்துச் சிறிதாகவேண்டும். சிறிய எழுத்தைப் படிப்பதற்கு ஒளிப்புள்ளியுஞ் சிறிதாகவேண்டும். மொத்தமான எழுதுகோலால் நுண்ணெழுத்து எழுதமுடியாது என்பதைப் போன்றதே இது. ஒளியின் அலைநீளம் குறையக் குறையப் புள்ளியுஞ் சிறிதாகும். இசை இறுவட்டைப் படிப்பது 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள செங்கீழ்க் கதிர். டி.வி.டி. வட்டைப் படிப்பது 650 நனோமீற்றர்ச் செங்கதிர். இன்னுங் குறைய வேண்டின் நீலத்துக்கோ ஊதாவுக்கோ செல்லவேண்டும். ஆனால் நீல ஒளியைத் தரத்தக்க சிறிய குறைகடத்தி விளக்கு நெடுங்காலமாக உலகில் இல்லை. 1962 ஆம் ஆண்டிலேயே சிவப்பு விளக்கு வந்துவிட்டது. பின்னர்ப் பச்சையும் வந்தது. நீலம் மாத்திரம் கைக்கெட்டவில்லை.

கலியம் நைத்திரைட்டு என்னும் சேர்வை நீல ஒளி தரவல்லது என்பது தெரிந்திருந்தது. ஆயினும் அதனைக் குறையற்ற படிகமாக வளர்ப்பது மிகக் கடினம். ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதனைக் கைவிட்டு வேறு பொருளை நாடினர். யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் இசாமு அக்கசாக்கியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமனோவும் கைவிடவில்லை. நீலக்கல் தளத்தின்மேல் அலுமினியம் நைத்திரைட்டின் மெல்லிய படையொன்றை இட்டு, அதன்மேல் 1986 ஆம் ஆண்டில் நல்ல படிகத்தை வளர்த்துக் காட்டினர். நமது இரத்தினபுரி மண்ணில் அகழப்படும் நீலக்கல்லும் அவர்கள் தளமாகக் கொண்டதும் ஒரே இனக் கல்லே. அவர்களுடையது செயற்கையில் ஆக்கியது. 1989 ஆம் ஆண்டில், மின்விளக்காவதற்கு வேண்டிய மற்றைப் பாதிப் படையையும் அவர்கள் பெற்றனர்.

அதே காலத்தில், தொக்குஷிமா மாகாணத்து அனான் என்னும் சிற்றூரிலே, நிச்சியா என்ற கம்பனியில் ஷூஜி நாக்கமுரா என்பவர் தனியே உழைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பனியைத் தாபித்த நோபுவோ ஒகாவா அவருடைய முயற்சிக்குப் பொருளுதவி அளித்தார். வாயுக்களை இரு திசையிலிருந்து செலுத்திப் படிகத்தை வளர்க்கும் உலையொன்றை நாக்கமுரா தாமே திருத்தி அமைத்தார். 1993 ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய கம்பனி பிரகாசமான நீல விளக்கை உலகுக்கு அறிவித்தது. 1996 இன் தொடக்கத்தில் அவர் நீல ஊதா லேசரையும் பெற்ற செய்தியை வெளியிட்டார். 2014 ஆம் ஆண்டில் இம்மூவருக்கும் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நீல விளக்கின்மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால் வெள்ளொளி கிடைக்கும். இன்று நமது வீடுகளிலும் வீதிகளிலும் எரியும் சிக்கன விளக்குகள் அவ்வொளியினவே.

உழைத்தவர்க்கு உரிய பங்கு எது என்னும் வினாவும் இக்கதையில் எழுந்தது. தமது கண்டுபிடிப்பின் பொருட்டு நாக்கமுராவுக்குக் கம்பனி அளித்த வெகுமதி 20,000 யென். 1999 ஆம் ஆண்டில் அவர் அங்கிருந்து நீங்கி அமெரிக்காவிற் பேராசிரியரானார். பின்னர் வழக்குத் தொடர்ந்தார். 2004 ஆம் ஆண்டு ஜனவரியில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. கம்பனி மேன்முறையீடு செய்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் ஏற்பட்டது. அறிவை விளைவிப்பவனுக்கும் அதற்கு முதலிடுபவனுக்கும் உள்ள பங்கு பற்றி யப்பான் முழுவதையும் சிந்திக்கவைத்த வழக்கு இது.

ஒரே ஒளி, இரண்டு வட்டுகள்

நீல ஊதா லேசரின் அலைநீளம் 405 நனோமீற்றர். இவ்வொளி கிடைத்தவுடன் புதிய வட்டை ஆக்கும் முயற்சிகள் தொடங்கின. ஒளி ஒன்றேயாயினும் வட்டு இரண்டாயிற்று. காரணத்தை விளங்கிக்கொள்வது இளைஞர்க்குப் பயன்தரும்.

ஒளிப்புள்ளியின் அளவு அலைநீளத்தை மாத்திரம் பொறுத்ததன்று. ஒளியை வில்லை எவ்வளவு அகன்ற கோணத்திலிருந்து குவிக்கின்றது என்பதையும் பொறுத்தது. இதனை ஓர் எண்ணாற் குறிப்பர். டி.வி.டி. கருவியின் வில்லைக்கு அவ்வெண் 0.60. புளூ-ரே அணியினர் அதனை 0.85 ஆக உயர்த்தினர். அலைநீளத்தை இவ்வெண்ணால் வகுத்து ஒப்பிட்டால், புளூ-ரே வட்டின் புள்ளி டி.வி.டி. யினதிற் பாதிக்கும் குறைந்த அகலமுடையது என்பது தெரியும். பரப்பிலே அது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. எனவே டி.வி.டி. யின் ஒரு படை 4.7 கிகாபைற்று கொள்ள, புளூ-ரேயின் ஒரு படை 25 கிகாபைற்று கொண்டது. இரு படையாயின் 50.

ஆனால் இவ்வகை வில்லைக்கு ஒரு குறையுண்டு. வட்டுச் சற்றே சாய்ந்தாலும் புள்ளி குலைந்துவிடும். அதனைத் தவிர்க்க, எழுத்துப் படைக்கு மேலுள்ள தெளிந்த மூடியை 0.1 மில்லிமீற்றராக மெலிவிக்க வேண்டியிருந்தது. டி.வி.டி. யில் அது 0.6 மில்லிமீற்றர். மூடி மெலிந்தால் ஒரு சிறு கீறலும் எழுத்தை மறைத்துவிடும். ஆகையால் முதலில் வந்த புளூ-ரே வட்டுகளை ஓர் உறைப்பெட்டிக்குள் வைத்தே விற்றனர். பின்னர் ரி.டி.கே. கம்பனி கீறல் விழாத கடினப் பூச்சொன்றைக் கண்டுபிடித்தபின் பெட்டி நீங்கியது. மெல்லிய மூடிக்கெனத் தொழிற்சாலைகளிற் புதிய பொறிகளும் வேண்டியிருந்தன.

தோஷிபாவும் என்.ஈ.சி. கம்பனியும் வேறு வழியை நாடின. அவை மூடியின் தடிப்பை 0.6 மில்லிமீற்றராகவே வைத்து, வில்லையின் எண்ணை 0.65 என்ற அளவில் நிறுத்தின. ஒரு படைக்கு 15 கிகாபைற்று, இரு படைக்கு 30 கிகாபைற்று என்னும் அளவே கிடைத்தது. ஆயினும் டி.வி.டி. செய்யும் தொழிற்சாலைகளையே சிறிது மாற்றி இவ்வட்டைச் செய்யலாம், செலவு குறைவு. டி.வி.டி. மன்றம் இதனை 2003 ஆம் ஆண்டில் ஏற்று 'எச்.டி. டி.வி.டி.' எனப் பெயரிட்டது. ஒருவர் கொள்ளளவைப் பெரிதென்றனர். மற்றவர் சிக்கனத்தைப் பெரிதென்றனர். இரண்டும் பொய்யன்று. இரண்டிற்கும் நடுவே ஓரிடத்திற் சந்திக்க இரு திறத்தாரும் மனங்கொள்ளவில்லை என்பதுதான் துன்பம்.

ஆறு ஆண்டுப் போர்

2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் திகதி சோனி, மற்சுஷித்தா, பிலிப்ஸ், பயனியர், ஹிற்றாச்சி, ஷார்ப், சம்சுங், எல்.ஜி., தொம்சன் ஆகிய ஒன்பது கம்பனிகள் கூடிப் புளூ-ரே வட்டை அறிவித்தன. 2003 ஏப்ரிலிற் சோனியின் முதலாவது பதிவுக் கருவி யப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 450,000 யென். சாதாரண குடும்பம் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. 2005 ஆம் ஆண்டில் இரு அணியினரும் ஒரே வட்டுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தினர். மூடியின் தடிப்பு 0.1 ஆ, 0.6 ஆ என்பதிலே பேச்சு முறிந்தது. அரை மில்லிமீற்றர் விட்டுக்கொடுக்க எவரும் முன்வரவில்லை. அத்தடிப்புக்குப் பின்னால் உரிமைப் பணமும் தொழிற்சாலைகளும் கௌரவமும் நின்றன என்பதை நாம் ஊகிப்பது கடினமன்று.

2006 ஆம் ஆண்டில் இரு வட்டுகளும் களத்திலிறங்கின. தோஷிபாவின் கருவி மார்ச் மாத முடிவில் யப்பானிலும் ஏப்ரிலில் அமெரிக்காவிலும் வந்தது. அமெரிக்காவில் ஆகக் குறைந்த விலை 499 டொலர். சம்சுங்கின் புளூ-ரே கருவி ஜூன் மாதத்தில் 999 டொலருக்கு வந்தது. ஹொலிவூட் படக் கம்பனிகளும் பிரிந்தன. சோனிக்குச் சொந்தமான கொலம்பியாவும், டிஸ்னியும், பொக்சும் புளூ-ரே பக்கம். யூனிவேர்சல் எச்.டி. டி.வி.டி. பக்கம். வோர்ணர் பிறதேர்சும் பரமவுண்டும் இரண்டிலும் படங்களை வெளியிட்டன. மைக்கிரோசொப்ட்டும் இன்ரெலும் தோஷிபாவுக்குத் துணைநின்றன.

வாங்குவோன் நிலையை எண்ணிப் பாருங்கள். தனக்குப் பிடித்த ஒரு படத்துக்கு ஒரு கருவி. மற்றொரு படத்துக்கு வேறொரு கருவி. தவறான பக்கத்தைத் தெரிந்தால் பணம் வீண். ஆகவே பெரும்பாலோர் எதனையும் வாங்காது, 'முடிவு தெரியட்டும்' எனக் காத்திருந்தனர். அவர்களிடமிருந்த டி.வி.டி. யே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

சோனி பழைய தோல்வியை மறக்கவில்லை. நாடாப் போரில் தன்னிடம் திரைப்படங்கள் இல்லாமையை உணர்ந்த அக்கம்பனி, 1989 ஆம் ஆண்டில் ஹொலிவூட்டின் கொலம்பியாப் படக் கம்பனியை வாங்கியிருந்தது. இப்பொழுது மற்றோர் உபாயத்தையுங் கைக்கொண்டது. 2006 நவம்பரில் வெளியான 'பிளேஸ்ரேசன் 3' என்னும் விளையாட்டுக் கருவிக்குள்ளேயே புளூ-ரே கருவியையும் வைத்தது. விளையாட்டுக்கென வாங்கிய வீடுகளெல்லாம் தாம் எண்ணாமலே புளூ-ரே வீடுகளாயின. நீல லேசர் விளக்குகள் போதிய அளவிற் கிடைக்காமையால் ஐரோப்பாவில் அக்கருவியின் வெளியீடு 2007 மார்ச் வரை பின்போடப்பட்டது. மைக்கிரோசொப்ட்டோ தனது 'எக்ஸ்-பொக்ஸ் 360' கருவியுடன் எச்.டி. டி.வி.டி. இயக்கியை இணைக்காது, 199 டொலருக்குத் தனியே விற்றது. தனியே விற்கும் பொருளை வேண்டியவர் மாத்திரமே வாங்குவர்.

2007 ஓகஸ்ற்றிலே பரமவுண்ட் கம்பனி புளூ-ரேயை விட்டு எச்.டி. டி.வி.டி. பக்கம் முற்றாகச் சேர்ந்தது. இதற்கெனப் பெருந்தொகை கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. நவம்பரில் வோல்மார்ட் கடைகளிலே தோஷிபாவின் கருவியொன்று 100 டொலருக்குங் குறைந்த விலையில் விற்கப்பட்டது. போர் இன்னும் நீளும்போலத் தோன்றியது.

2008 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் திகதி வோர்ணர் பிறதேர்ஸ், இனிப் புளூ-ரே வட்டிலேயே படங்களை வெளியிடப்போவதாக அறிவித்தது. லாஸ் வேகாஸ் நகரிற் கூடவிருந்த பெரிய மின்கருவிக் கண்காட்சியின் தறுவாயில் இச்செய்தி இடிபோல் விழுந்தது. எச்.டி. டி.வி.டி. அணியினர் அங்கு நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தைக் கைவிட்டனர். பெப்ரவரியில் நெட்பிளிக்சும், அதன்பின் வோல்மார்ட்டும் புளூ-ரேயைத் தெரிந்தன. பெப்ரவரி 19 ஆம் திகதி தோஷிபா தனது வட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. புளூ-ரே உலகுக்கு அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. 2009 ஓகஸ்ற்றிலே தோஷிபா தானே புளூ-ரே சங்கத்திற் சேர விண்ணப்பித்தது. 1988 ஆம் ஆண்டிற் சோனி நின்ற இடத்தில் இப்பொழுது தோஷிபா நின்றது.

வென்றவர் பெற்றது

தோற்ற வட்டின் கருவியை வாங்கியோர் இலட்சக்கணக்கானோர். அமெரிக்காவின் பெஸ்ட் பை என்னுங் கடை, தன்னிடம் அக்கருவியை வாங்கியோர்க்கு 50 டொலர் பெறுமதியான பற்றுச்சீட்டை அனுப்பியது. ஏனையோர் பலர்க்கு அதுவுமில்லை. அவ்வட்டுக்கு இனிக் கருவி செய்வாரில்லை. உள்ள கருவி பழுதானால் வட்டு வெறுந் தட்டு.

வென்றவரும் எதிர்பார்த்ததை முழுமையாகப் பெறவில்லை. ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர் நம் முதியோர். இங்கே கூத்தாடியாய் வந்தது இணையம். அஞ்சல் வழியே டி.வி.டி. வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் கம்பனி, 2007 ஜனவரியில், போர் மும்முரமாயிருந்த அதே காலத்திலே, இணையத்தின் வழியாகப் படங்காட்டத் தொடங்கியது. தொடக்கத்திற் படங்களுங் குறைவு, தெளிவுங் குறைவு. எனினும் வட்டும் வேண்டாம், எந்த வட்டு என்ற கலக்கமும் வேண்டாம். போர் முடிந்து புளூ-ரே தனியரசாக அமர்ந்தபோது மக்கள் வேறு வழியிற் செல்லத் தொடங்கிவிட்டனர். டி.வி.டி. அடைந்த பரப்பைப் புளூ-ரே ஒருபோதும் அடையவில்லை.

2016 ஆம் ஆண்டில் இன்னும் நான்கு மடங்கு புள்ளிகளைக் கொண்ட, 100 கிகாபைற்று வரை கொள்ளும் புதிய புளூ-ரே வந்தது. தெளிவில் அதற்கு நிகர் வீட்டிலில்லை எனத் தேர்ந்தோர் புகழ்ந்தனர். ஆயினும் 2019 ஆம் ஆண்டிற் சம்சுங் புதிய கருவிகள் செய்வதை நிறுத்தியது. 2023 செப்ரெம்பரில் நெட்பிளிக்ஸ் தனது அஞ்சல் வட்டுச் சேவையை முடித்தது. 2025 பெப்ரவரியிற் சோனி, எழுதத்தக்க வெறும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. படம் பதித்த வட்டுகளை விரும்பி வாங்குவோர் இன்னும் உளர். ஆனால் அவர்கள் சிறுபான்மையோர்.

2002 இல் அல்லது 2005 இல் இரு அணியும் ஒன்றுபட்டிருந்தால் இணையம் வராதிருக்குமோ? வந்தே இருக்கும். ஆயின் நீலக்கதிர் வட்டுக்கு மக்கள் மனத்தில் வேரூன்றுவதற்கு இன்னுஞ் சில நல்லாண்டுகள் கிடைத்திருக்கும். அந்த ஆண்டுகளைப் பகைவர் எவரும் பறிக்கவில்லை; அதனை ஆக்கியோரே வாதிட்டுத் தொலைத்தனர்.

நாம் கொள்ளவேண்டியது

இக்கதையைத் தூரதேசத்து வியாபாரிகளின் சண்டை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. புளூ-ரே வட்டுக்கென உலகத்தை மூன்று வலயங்களாகப் பிரித்தவர்கள் நமது இலங்கையையும் இந்தியாவையும் மூன்றாம் வலயத்தில் வைத்தனர். ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாழும் உறவினர் வாங்கி அனுப்பும் வட்டு, வலயக்கட்டு உடையதாயின், இங்கு வாங்கிய கருவியில் ஓடாது. வகுப்போர் வகுக்க, அதன் விளைவை அனுபவிப்போர் நாம்.

வைத்திருத்தல் வேறு, பார்க்க அனுமதி பெறுதல் வேறு என்பதையும் நாம் உணரவேண்டும். பெட்டியிலுள்ள வட்டு நம்முடையது. நண்பனுக்குக் கொடுக்கலாம், நூலகத்துக்கு அளிக்கலாம். இணையத்தின் வழி வாங்கும் படமோ, விற்றவன் கதவை அடைத்தால் அன்றோடு போகக்கூடியது. வாங்கிய படங்களை இணையத்தில் வைத்துக் காப்பதற்கென ஹொலிவூட் கம்பனிகள் பல சேர்ந்து தொடங்கிய 'அல்ட்ராவயலெற்' என்னும் சேவை 2019 ஜூலை 31 ஆம் திகதி மூடப்பட்டது. வாங்கியோர் முன்னரே வேறு கடைகளோடு தம் கணக்கை இணைத்திருந்தாற் படம் தப்பியது, இல்லையேல் ஆபத்தே. ஆனால் வட்டும் தன்னந்தனியே காப்பாற்றாது. கருவி இருக்கும் வரையிலேயே அது பேசும். ஓலைக்குக் கண் மாத்திரம் போதும். வட்டுக்குக் கண்ணும் வேண்டும், கருவியும் வேண்டும்.

நமது இல்லங்களிலும் மன்றங்களிலும் திருமணங்கள், விழாக்கள், மறைந்த பெரியோரின் சொற்பொழிவுகள், இசைக் கச்சேரிகள் ஆகியன நாடாக்களிலும் வட்டுகளிலும் உறங்குகின்றன. அவற்றை இயக்கும் கருவிகள் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. முதியோர் பெட்டியைத் திறந்து எது எதுவெனச் சொல்லட்டும். இளைஞர் அவற்றைப் புதிய வடிவுக்கு மாற்றி, ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்து, வெவ்வேறு இடங்களில் வைக்கட்டும். கருவி மறைந்த பின்பு வருந்துவதால் ஒரு பயனும் இல்லை.

அக்கசாக்கியும் அமனோவும் நாக்கமுராவும் தேடிய நீல ஒளி, எந்த வட்டு வென்றது எந்த வட்டுத் தோற்றது என்பதைப் பாராது, இன்றும் உலகெங்கும் வெள்ளொளியாய் எரிகின்றது. கம்பனிகள் பொருத வட்டுகளோ ஒன்று மறைந்தது, மற்றொன்று மெலிந்தது. பொறுமையோடு ஆக்கிய ஒன்று நிலைபெற்றதும், போட்டியிட்டுப் பங்குபோட்ட ஒன்று தேய்ந்ததும் ஒரே வரலாற்றினுள் நம் கண்முன் நடந்தன. சங்கமாய்க் கூடி வேலை செய்ய முற்பட்டிருக்கும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. கருத்து வேற்றுமை வருவது இயல்பு. அதனால் வரும் கேடு பெரிதன்று. அரை மில்லிமீற்றரை விட்டுக்கொடுக்க மனமின்றிக் காலத்தை இழப்பதே கேடு.